எங்க வீதி குடுத்த ரெண்டு மனு

அந்தச் செவ்வாக்கெழமை எனக்கு ஒரே ஒரு சோலிதானுங்க. நகராட்சி ஆபீசுக்குப் போயி எங்க வீதி மனுவைக் குடுத்துப்போட்டு, மத்தியானச் சோத்துக்குள்ள ஊடு வந்து சேரோணும்.

அவ்வளவுதான். இதுல கெட்டுப் போறதுக்கு என்ன இருக்குதுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சுட்டுப் போனேன்.

எந்த நகராட்சின்னு மட்டும் கேக்காதீங்க மக்களே. பேரைச் சொன்னா அடுத்த மனு எம்மேலயே வரும். கோயமுத்தூருக்கு அக்கட்டால, கணபதிக்கு டவுன் பஸ்ஸுல போயிட்டு வர்ற தூரத்துல ஒரு ஊருன்னு வெச்சுக்குங்க.

விசயம் என்னன்னா, சொத்து வரிய ஏத்தப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. எங்க வீதியில மொத்தம் இருவது ஊடு. இருவது ஊட்டுக்கும் கோவம். வீதிச் சங்கத் தலைவரு செல்வராசண்ணன், லேத் பட்டறை வெச்சிருக்கறவரு, ஒரு ஞாயித்துக்கெழமை பட்டறைக்குள்ளயே கூட்டத்தைப் போட்டாரு.

சாக்கடை கட்டோணும்னு ஒருத்தரு. தெரு லைட்டு மாத்தோணும்னு ஒருத்தரு. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரோணும், குப்பை வண்டி நேரத்துக்கு வரோணும், நாயைப் புடிச்சுட்டுப் போகோணும், பூங்கா ஒண்ணு வேணும். எல்லாத்தையும் வரிசையா எழுதிக்கிட்டு, கடைசியில "வரிய மட்டும் ஒத்தைப் பைசா ஏத்தக் கூடாது"ன்னு முடிச்சாங்க. எனக்கும் ஞாயமாத்தான் பட்டுது. எழுதுனதே நாந்தானுங்களே.

நாந்தான் சங்கத்துக்குச் செயலாளரு. எப்படி ஆனேன்னு கேக்காதீங்க. யாராவது செயலாளரா இருங்கன்னு கேட்டப்ப எல்லாரும் குனிஞ்சு தரையப் பாத்தாங்க. நான் மட்டும் டீ வருதான்னு வாசலைப் பாத்துட்டு நின்னேன். புடிச்சுப் போட்டுட்டாங்க.

அதுவும் போக, நான் ப்ளவுசு தெக்கறவ. வீதியில பாதிப் பொம்பளைங்க அளவு என்ற நோட்டுல கெடக்குது. எந்த ஊட்டுக்குள்ளயும் கேக்காமப் போற உரிமை எனக்கு மட்டுந்தான் உண்டு. கையெழுத்து வாங்கறதுக்கு என்னை விட்டா ஆளில்லைன்னு செல்வராசண்ணன் சொன்னாரு. எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப எங்கூட்டுக் கதைக்கு வாரேன்.

என்ற மாமனாரு அதே நகராட்சியில பில் கலெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. முப்பது வருசமா ஊடு ஊடாப் போயி வரி வசூல் பண்ணவரு. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, எல்லாரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு இருக்கறாங்க, இவரு எங்கப்பாவைப் பாத்து, "பின்னாடி புதுசா ரெண்டு ரூமு எடுத்திருக்கீங்களே, வரியில சேத்தியாச்சுங்களா?"ன்னு கேட்டவரு. எங்கப்பா இன்னைக்கும் அவரைப் பாத்தா பட்டுனு எந்திரிச்சு நிப்பாரு.

மனுசன் தங்கம். ஒரு தப்புத்தண்டா கெடையாது. ஆனா கண்ணுதான் போயிட்டு இருந்துது. ரெண்டு கண்ணுலயும் பொரை. போன வருசமே டாக்டரு ஆபரேசன் பண்ணச் சொல்லியாச்சு. இவரு ஆகட்டும் ஆகட்டும்னே இழுத்துட்டு இருந்தாரு.

ஏன்னா, உயர்த்துன பென்சனுக்கு வர வேண்டிய பழைய நிலுவை நகராட்சியில அப்படியே நிக்குது. அது வந்தாத்தான் பண்ணிக்குவேங்கறாரு. எங்கூட்டுக்காரரு, "அப்பா, நான் கட்டறேன்ப்பா"ன்னு கெஞ்சிப் பாத்துட்டாரு. "உன்ற காசுல ஆபரேசன் பண்ணுனா அது உன்ற கண்ணு. நான் ஒழைச்ச காசு இருக்கறப்ப எனக்கெதுக்கு எரவல் கண்ணு"ன்னு சொல்லிப்போட்டாரு. அதுக்கு மேல பேச முடியுமுங்களா?

இந்த லட்சணத்துல, ஒரு நாளு வாசல்ல எறக்கி வெச்சிருந்த கேஸ் சிலிண்டரைப் பாத்து, "வாங்க, ஏன் வெளியவே நிக்கறீங்க, உள்ள வாங்க"ன்னு கூப்பிட்டுட்டு இருக்கறாரு. சிரிச்சேன். அடுத்த வாரம் படி தெரியாம உழுந்து முட்டி பேந்துட்டுது. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. டாக்டரு இந்தத் தடவை கண்டிச்சே சொன்னாரு, பொரை முத்திருச்சு, இனியும் தள்ளுனா சிக்கல்னு.

நகராட்சியில போயிக் கேட்டா, "நிதி இல்லீங்கய்யா, வரி வசூல் ஆனாத்தான் ரிட்டயர்டு ஆனவியளுக்குக் குடுக்க முடியும்"ங்கறாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் சேரு போட்டு, தண்ணி குடுத்து, இல்லைன்னு சொல்லி அனுப்புவாங்க.

அதனால மாமாவும் ஒரு மனு ரெடி பண்ணாரு. கண்ணு தெரியாததுனால டிடிபி கடையில உக்காந்து வாயால சொல்லி, டைப் அடிச்சு, ரெண்டு பக்கம். "அம்மணி, நீ எப்படியும் கையெழுத்து வாங்க வீதிக்குப் போறே. இதுக்கும் சேத்தியே வாங்கிப்போடு கண்ணு. ரிட்டயர்டு ஆளுக மட்டும் கேட்டா எடுபடாது. பொதுசனமும் கேட்டாத்தான் எடுபடும்"னாரு.

நான் தலைப்பைப் பாத்தேன். 'ஓய்வூதியர் நிலுவையை உடனே வழங்கக் கோருதல்'. சரி, நல்ல விசயந்தானேன்னு பையில போட்டுக்கிட்டேன். தலைப்புக்குக் கீழ ரெண்டு பக்கம் இருந்துது. அதைப் படிக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. ப்ளவுசுத் துணிக்கு லைனிங் வெக்க நேரமாச்சுன்னு அவசரம்.

கையெழுத்து வாங்குனது ஒரு அரை நாள் வேலைதானுங்க. நம்ம ஊரைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஊட்டுக்கு வந்து ஒருத்தரு ஒண்ணு கேட்டா, மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்ற பழக்கம் நம்ம சனத்துக்குக் கெடையாது. கடன் கேட்டாக்கூட "பாக்கலாமுங்க"ன்னுதான் சொல்லுவோம். ரெண்டு வருசம் பாத்துக்கிட்டே இருப்போம்.

"வரி ஏத்தக் கூடாதுன்னு ஒரு மனுங்க"ன்னு நீட்டுவேன். போடுவாங்க. "இது எங்க மாமா பென்சனுக்குங்க"ன்னு அடுத்ததை நீட்டுவேன். அதுலயும் போடுவாங்க. ஒருத்தரும் படிக்கல. "நீங்க கொண்டாந்தா நல்லதாத்தான் இருக்கும் அம்மணி"ன்னு சொல்லி, காப்பியும் குடுத்து அனுப்புனாங்க. செல்வராசண்ணன் ஒரு கையில ஸ்பேனரைப் புடிச்சுக்கிட்டே ரெண்டுலயும் போட்டாரு.

ஒரே ஒருத்தரு படிச்சாங்க. கோடி ஊட்டு ஸ்டெல்லா டீச்சர். அந்தம்மா சர்ச்சுல பைபிள் வாசிக்கறவங்க, காயிதம் கையில வந்தா கடைசி வரி வரைக்கும் விட மாட்டாங்க. கண்ணாடிய மாட்டி, ரெண்டையும் பொறுமையாப் படிச்சுட்டு என்னைப் பாத்தாங்க.

"ஏனம்மணி, ஒண்ணுல வரி வேண்டாங்கறோம், இன்னொண்ணுல வரி வாங்குங்கங்கறோமே?"

"அதெல்லாம் ஆபீசுல பாத்துக்குவாங்க டீச்சர்"னேன். என்ன பாத்துக்குவாங்கன்னு எனக்கே தெரியாது.

டீச்சர் கொஞ்ச நேரம் பேனாவைப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க. பொறகு, "நீங்க ஊடு தேடி வந்து கேக்கறீங்க, எப்படி மாட்டேங்கறது"ன்னு சொல்லி ரெண்டுலயும் போட்டுட்டாங்க. படிச்சவங்களே போட்டுட்டாங்க, பொறகென்னன்னு நானும் சந்தோசமா ஊட்டுக்கு வந்துட்டேன்.

செவ்வாக்கெழமை காலையில செல்வராசண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, அவரு வேன்லயே என்னைக் கூட்டிட்டுப் போனாரு. வழியெல்லாம் பேசப் போறதை ஒத்திகை பாத்துட்டே வந்தாரு. சாமானியன் முதுகுல வரிச் சுமைன்னு என்னென்னமோ சொன்னாரு. நல்லாத்தான் இருந்துது.

கமிசனரு மேடம் சின்ன வயசு. புதுசா வந்தவங்க. எனக்கு முன்னால பத்துப் பேரு மனு குடுத்தாங்க, பத்தையும் படிச்சுட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. ஆபீசுல மனுவைப் படிப்பாங்கன்னு யாரு எதிர்பாத்தா?

எங்க முறை வந்துது. நான் ரெண்டையும் ஒண்ணாக் குடுத்தேன். செல்வராசண்ணன் சாமானியன் முதுகை ஆரம்பிச்சாரு. மேடம், ஒரு நிமிசமுங்கன்னு கையக் காட்டி, ரெண்டு மனுவையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பி வெச்சாங்க. ஒவ்வொரு பேரா வெரலை வெச்சுட்டே வந்தாங்க.

இருவது ஊடு. அதே பேரு. அதே வரிசை. ரெண்டுலயும்.

"ரெண்டும் நீங்களே குடுத்ததுங்களா?"ன்னு கேட்டாங்க.

"ஆமாங்க மேடம். ஒண்ணு வரிக்கு, இன்னொண்ணு பென்சனுக்கு"ன்னேன்.

"இந்தப் பென்சன் மனுவுல கடைசிப் பத்திய நீங்க படிச்சீங்களா?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே படிச்சுட்டாங்க. மாமா டிடிபி கடையில உக்காந்து சொன்ன தமிழ். அந்த ஹாலே கேட்டுது. 'வரி விதிக்கப்படாமல் விடுபட்ட கட்டடங்களையும், குறைத்துக் காட்டப்பட்ட கட்டடங்களையும் முறையாக அளந்து, உரிய வரியை வசூலித்து, அத்தொகையிலிருந்து ஓய்வூதியர் நிலுவையை வழங்க வேண்டும். இப்பணியை எங்கள் வீதியிலிருந்தே தொடங்குமாறு, கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் மனமுவந்து கேட்டுக்கொள்கிறோம்.'

மனமுவந்து!

செல்வராசண்ணன் மெதுவாக் குனிஞ்சு அந்தக் காயிதத்தைப் பாத்தாரு. "இது என்ற கையெழுத்துங்களா?"ன்னு மேடத்துகிட்டயே கேட்டாரு.

"ஆமாங்கய்யா, மொதல் கையெழுத்தே உங்களுதுதான்"னாங்க மேடம். அவங்களுக்கும் சிரிப்பு வந்துது, அடக்கிக்கிட்டாங்க. "இத்தனை வருசத்துல எந்த வீதியும் வந்து எங்களை அளந்துக்குங்கன்னு கேட்டதில்லைன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு வேண்டாம்னா ஒரு மனுவை வாபஸ் வாங்கிக்கலாம். வர்ற செவ்வாக்கெழமைக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுத்துருங்க."

திரும்பி வர்றப்ப செல்வராசண்ணன் பாதி வழியில வண்டிய ஓரங்கட்டி, "தண்ணி கிண்ணி குடிக்கறீங்களா அம்மணி?"ன்னு கேட்டாரு. வேண்டாமுங்கன்னேன். நம்மூருல கோவம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்னைக்கு எனக்குக் கெடைச்ச மரியாதை என்ற கல்யாணத்துலகூடக் கெடைக்கல.

அவரு பதறுனதுக்குக் காரணம் இருக்குதுங்க. நகராட்சி ரெக்கார்டுல எங்க வீதி இன்னும் ஓட்டு ஊட்டு வீதிதான். நேர்ல பாத்தா ரெண்டு மாடி, மூணு மாடி, வாசல்ல கிரானைட்டு. செல்வராசண்ணன் பட்டறைக்குப் பின்னால வரிசையா ரூமு கட்டி, வேலைக்கு வந்த வடக்கத்திப் பசங்களுக்கு வாடகைக்கு உட்டிருக்கறாரு. ரெக்கார்டுல அது தோட்டம். எங்கூட்டு மேல்மாடியும் ரெக்கார்டுல ஆகாசந்தான். மாடி கட்டுனப்பவே மாமா, "வரியில சேத்திருடா"ன்னு மகன்கிட்டச் சொன்னாரு. எங்கூட்டுக்காரரு "ஆகட்டுங்கப்பா"ன்னாரு. அதோட சரி.

சாயந்தரமே பட்டறையில கூட்டம். யாரும் என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவலாம். பென்சன் மனுவை வாபஸ் வாங்கறதுன்னு முடிவு பண்ணி, ராத்திரி செல்வராசண்ணனே லெட்டர் எழுதறதாச் சொன்னாரு. "பெரியவருக்கு நாம வேற வழியில பாத்துக்கலாமுங்க அம்மணி"ன்னாரு. காலையில அவரே ஊடு ஊடாப் போயி கையெழுத்து வாங்கிக்கறதாப் பேச்சு. எந்த வழியில பாத்துக்கறதுன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

ஊட்டுக்கு வந்தா மாமா நடையிலயே சேரைப் போட்டு உக்காந்திருக்கறாரு. என்ற செருப்புச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சுட்டாரு.

"குடுத்தாச்சா கண்ணு?"

"குடுத்தாச்சுங்க மாமா."

"வீதியில எல்லாருமே போட்டாங்களா? படிச்சுப் பாத்தே போட்டாங்களா?"

"எல்லாரும் போட்டாங்க மாமா"ன்னேன். ரெண்டாவது கேள்வியக் கேக்காத மாதிரி விட்டுட்டேன்.

மனுசன் அப்படியே உக்காந்துட்டாரு. "முப்பது வருசம் இந்த வீதியில கதவைத் தட்டியிருக்கறேன் அம்மணி. நான் வர்றது தெரிஞ்சா டிவிய அமத்திப்போட்டு, ஆளில்லாத மாதிரி உள்ள உக்காந்துக்குவாங்க. இன்னைக்கு என்ற கண்ணுக்காக அவியளே அளந்துக்கச் சொல்லியிருக்கறாங்களே"ன்னு சொல்லித் துண்டுல மூஞ்சியத் தொடைச்சாரு.

அந்த எடத்துலயே உண்மையச் சொல்லியிருக்கோணும். தெரியுதுங்க. வாயத் தொறந்தேன். "காப்பி போடட்டுங்களா மாமா?"ன்னுதான் வந்துது.

அடுத்த நாள் காலையில எட்டு மணிக்கெல்லாம் மாமா சலவை வேட்டி கட்டிக்கிட்டு, திருநீறு பூசிக்கிட்டு ரெடி. "என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா. ஒவ்வொரு ஊட்டுக்கும் போயி நன்றி சொல்லோணும். சொல்லாம இருந்தா மரியாதை இல்ல"ங்கறாரு.

அட கெரகமே! அங்க செல்வராசண்ணன் வாபஸ் லெட்டரோட கெளம்பியிருப்பாரு. இங்க இவரு நன்றியோட கெளம்பறாரு. வேண்டாமுங்க மாமா, வெயிலுங்க மாமா, முட்டி வலிக்குமுங்க மாமான்னு எல்லாஞ் சொல்லிப் பாத்தேன். கேக்கல.

மொதல் ஊடே பட்டறைதான். செல்வராசண்ணன் லெட்டரும் கையுமா அப்பத்தான் வெளிய வர்றாரு. மாமா நேராப் போயி அவரு கையப் புடிச்சுக்கிட்டாரு. லெட்டரு இருக்கற கையத்தான்.

"செல்வராசு, உன்னையத் தப்பா நெனச்சுட்டேன்ப்பா. பின்னாடி ரூமு கட்டி வரி கட்டாம இருக்கறானேன்னு உம்மேல எனக்கு வருத்தம் இருந்துது. மொதல் கையெழுத்தே நீ போட்டிருக்கறேன்னு அம்மணி சொல்லுச்சு. நீ நல்லா இருக்கோணும் சாமி."

செல்வராசண்ணன் என்னைப் பாத்தாரு. நான் லேத் மிசினைப் பாத்தேன். அவரு லெட்டரை ஒரு மடி மடிச்சாரு. இன்னொரு மடி மடிச்சாரு. சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.

"அதுக்கென்னங்கய்யா. நம்ம கடமைதானுங்களே"ன்னு சொன்னாரு. சொல்லிப்போட்டு சட்டைக் கையில கண்ணைத் தொடைச்சாரு. பாசத்துலயா, வரிய நெனச்சான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல.

இப்படியே வீதி பூரா. ஒவ்வொரு ஊட்டுலயும் மாமா கையெடுத்துக் கும்பிட்டாரு. ஒவ்வொருத்தரும் எம்பக்கம் ஒரு முறை முறைச்சுப்போட்டு, அவருகிட்ட "இதெல்லாம் ஒரு பெரிய விசயமுங்களா ஐயா"ன்னு சொன்னாங்க. நேத்து சாயந்தரம் பெரிய விசயமாத்தானுங்க இருந்துது. எல்லா ஊட்டுலயும் காப்பி வேற. பாதி வீதி தாண்டறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஒரு ஊட்டுல பாத்ரூம் கேட்டுப் போகோணும்னு ஆயிருச்சு. ஸ்டெல்லா டீச்சர் மட்டும் என்னை முறைக்காம மாமா கையப் புடிச்சு, "கண்ணு நல்லாகட்டுங்கய்யா, செபம் பண்றேன்"னாங்க.

அடுத்த செவ்வாக்கெழமை வந்துது. வாபஸ் லெட்டர்ல ஒரு கையெழுத்து உழுகல. எழுதுன தலைவரு கையெழுத்தே உழுகல. கும்பிட்டுட்டுப் போன மனுசனுக்கு எதுராப் போயி எவன் கையெழுத்துப் போடுவான்?

மேடம் ரெண்டு மனுவையும் ஏத்துக்கிட்டாங்க. வரி விகிதத்தை இப்போதைக்கு ஏத்தலைன்னு அறிவிச்சாங்க, அது மொத மனுவுக்கு. எங்க வீதிக்கு டேப்பைக் குடுத்து ஆளனுப்புனாங்க, அது ரெண்டாவது மனுவுக்கு. சாக்கடை பரிசீலனையில இருக்குதாம்.

அளக்க ரெண்டு பேரு வந்தாங்க. கையில ஒரு டேப்லெட்டு. செல்வராசண்ணனோட மூணு மாடி ஊட்டுக்கு முன்னால நின்னு, "இங்க ஒரு ஓட்டு ஊடு இருந்துதுங்களே, எங்கங்க?"ன்னு பாவமாக் கேட்டாங்க. மாமா, "எல்லாத்துக்கும் முன்னால எங்கூட்டை அளங்க தம்பி"ன்னு டேப்போட ஒரு நுனிய அவரே புடிச்சுக்கிட்டாரு. கண்ணு தெரியாட்டியும் கை பழகுன கை. மேல்மாடி ரெண்டு ரூமு, பாத்ரூம், பால்கனி, ஒரு இஞ்சு விடல. எங்கூட்டுக்காரரு மூஞ்சியப் பாக்கோணுமே. அப்பன் புடிச்சிருக்கற டேப்பை மகன் என்ன பண்ண முடியும்?

ஆனா மொட்டை மாடியில ஒரு சங்கதி இருந்துதுங்க. இதை எங்க வீதிக்காரங்க படிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் எழுதறேன். மேல ஷீட்டுப் போட்டு, நாலு பக்கம் அடைச்சு, ரெண்டு மிசினு, ஒரு ஓவர்லாக் போட்டு நான் தெக்கறது அங்கதான். போட்டு ரெண்டு வருசமாச்சு. மொட்டை மாடிப் படி செங்குத்து, மாமாவால ஏற முடியாது, பார்வையும் எட்டாது. அதனால அது அவருக்குத் தெரியவே தெரியாது, மிசினு சத்தம் மேல்மாடி ரூமுல இருந்து வருதுன்னு நெனச்சுட்டு இருந்தாரு.

அளக்க வந்தவங்க மேல போகப் படியில கால் வெச்சாங்க. "மேல பொம்பளைங்க துணி காயுதுங்க"ன்னேன். மரியாதையான பசங்க, உடனே எறங்கிட்டாங்க.

"மேல ஒண்ணுமில்லீல்ல அம்மணி?"ன்னு மாமா கேட்டாரு.

"ஒண்ணுமில்லீங்க மாமா"ன்னேன்.

"நீ சொன்னாச் சரி"ன்னு டேப்பை அடுத்த ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இருந்தாலும் சொல்லல.

வீதியில எல்லாருக்கும் புது வரி வந்துது. திட்டிக்கிட்டே கட்டுனாங்க. என்னைப் பாத்து, "நல்லா இருக்கீங்களா அம்மணி?"ன்னு கேக்கறவங்க எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டே கேட்டாங்க. தீவாளிக்குப் பாதிப் பேரு ரெடிமேடு ப்ளவுசு போட்டுக்கிட்டாங்க. அக்குள்ல பூராச் சுருக்கம். நான் ஒண்ணுஞ் சொல்லல.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் மாமா போனுல மெசேஜ் வந்துது. நிலுவை வந்திருக்குது. என்னைய மூணு தடவை படிக்கச் சொன்னாரு. அடுத்த வாரமே வலது கண்ணுல ஆபரேசன். அவரு காசுலதான்.

மறுநாள் கட்டைப் பிரிச்சாங்க. மாமா கொஞ்ச நேரம் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தாரு. பொறகு என்னைப் பாத்து, "அம்மணி, உனக்கு இத்தனை நரை எப்ப வந்துது?"ன்னாரு. நான் சிரிச்சேன். சிரிச்சுட்டே அழுதுட்டேன். இந்த ஒரு பேச்சுக்காக இன்னும் பத்து வீதிய வேணும்னாலும் அளக்க உடலாம்னு தோணுச்சு.

கருப்புக் கண்ணாடியப் போட்டு ஆட்டோவுல கூட்டிட்டு வந்தேன். வாசல் கேட்டுப் பக்கத்துல எறங்குனாரு. வீதிய அப்படியே ஒரு சுத்துப் பாத்தாரு. வேப்ப மரத்தைப் பாத்தாரு, பட்டறையப் பாத்தாரு. எங்கூட்டை அடியில இருந்து மெதுவா மேல பாத்துட்டே போனாரு. மொட்டை மாடிக்கு வந்ததும் கண்ணு நின்னு போச்சு.

கண்ணாடியக் கழட்டுனாரு.

"அது என்ன அம்மணி, மேல?"

"ஷீட்டுங்க மாமா."

"மிசினு ஓடுதா?"

"ஓடுதுங்க மாமா."

திட்டுவாருன்னு நின்னேன். திட்டல. கேட்டுல கைய வெச்சுக்கிட்டு, ஒத்தைக் கண்ணைச் சுருக்கி இன்னொருக்காப் பாத்தாரு. "பதினாறுக்குப் பத்து இருக்கும். மிசினு ஓடறதுனால வியாபாரக் கட்டடம்னுதான் எழுதோணும். நாளைக்கே ஒரு மனு எழுதித் தாரேன், நீயே கொண்டு போயிக் குடுத்துட்டு வந்துரு கண்ணு"ன்னு சொல்லிப்போட்டு, யாரு கையும் புடிக்காமப் படியேறி உள்ள போயிட்டாரு.

நான் மேல போயி, தெக்கற டேப்பை எடுத்து அளந்து பாத்தேன்.

பதினாறுக்குப் பத்தேதான். ஆபரேசன் சக்ஸஸுங்க.